112-ல் பறந்த வெள்ளைக் கார்

முதல் கல் முத்திசோவின் வாயில் விழுந்தது. இரண்டாவது எனக்காக வந்தது. நான் குனிந்துகொண்டதால், பின்னால் நின்ற போலீஸ்காரரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

ஒலெசோய் நீதிமன்ற வாசலில் காலை ஒன்பது மணிக்கே இருநூறு பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் கையில் கல். ஒருவன் பழைய டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். ஆள் கிடைத்தால் கழுத்தில் போட்டுக் கொளுத்தத்தான். விலங்கு மாட்டிய முத்திசோவை நாங்கள் நாலு பேர் சேர்ந்து படிக்கட்டில் இழுத்தோம். அவன் துப்பியதில் ரத்தத்தோடு இரண்டு பற்கள் என் சட்டையில் விழுந்தன. புதுச் சட்டை.

"சட்டையப் பாக்காதடா, ஆளப் பாரு," என்றார் செலகத் மேடம்.

"ஆளப் பாத்தா அழுகை வருது மேடம். சட்டையப் பாத்தா கோவம் வருது. கோவத்துல கொஞ்சம் வேகமா ஏறலாம்ல?"

செலகத் மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வருஷம் போக்குவரத்துப் போலீஸில் இருந்தவர். இதே நகுரு நெடுஞ்சாலையில் வேகத்தை அளக்கும் துப்பாக்கியைக் கையில் பிடித்து வெயிலில் நின்றவர். இப்போது எதிர்க்கட்சி. வேக டிக்கெட் வாங்கியவர்களுக்காக அதே துப்பாக்கியோடு மல்லுக்கு நிற்கிறார், நடுநடுவே துப்பறிகிறார். நான் ஓயுகி. முன்னாள் மடாட்டு வேன் கண்டக்டர். பதினான்கு பேர் உட்கார வேண்டிய வேனில் இருபத்திரண்டு பேரைச் சிரிக்கச் சிரிக்க உட்கார வைத்தவன். என் வாய் மேடத்துக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வாய் நுழையாத இடம் இல்லை என்பதால் சம்பளம் கொடுக்கிறார்.

முத்திசோ லாரி டிரைவர். போன வியாழக்கிழமை, நெடுஞ்சாலைப் பள்ளத்தில் முராகே என்ற டயர் வியாபாரி செத்துக் கிடந்தார். யாரோ வண்டியால் மோதித் தள்ளி, போதாதென்று இறங்கி வந்து மண்டையையும் உடைத்திருந்தார்கள். முராகே ஊரில் பெரிய மனிதர், சர்ச்சுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். முந்தின நாள் மாலைதான் முத்திசோ ஒரு வெடித்த டயரோடு போய் அவர் சட்டையைப் பிடித்து, "உன்ன ரோட்டுலயே ஏத்திக் கொல்லுவேன்டா" என்று கத்தியிருந்தான். நாற்பது பேர் கேட்டார்கள். மறுநாள் காலை பத்து இருபதுக்கு, பிணம் கிடந்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நூற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனதாக அவன் லாரிக்கு டிக்கெட் எழுதப்பட்டது. கொன்றுவிட்டு ஓடினான், இல்லாவிட்டால் எதற்கு அந்த வேகம் என்றது போலீஸ். லாரியின் முகத்தைப் பார்த்தால் எல்லா அடியும் பழைய அடி, எல்லா அடியும் புது அடி. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இன்றைய விசாரணை டிக்கெட்டுக்கு மட்டும்தான். ஆனால் டிக்கெட் உறுதியானால் நாலு மணிக்கு கொலைக் குற்றம் சாட்டி நகுரு சிறைக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே முராகேயின் கடை ஆட்கள் மூன்று பேர் வேறு வழக்கில் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். "வரட்டும், விடியறதுக்குள்ள முடிச்சிடறோம்" என்று முத்திசோவின் மனைவி கலுண்டேவுக்கே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தியோடுதான் அவள் எங்களிடம் வந்தாள்.

மேடம் வக்கீல் இல்லை. அதனால் குற்றவாளிக் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திசோவின் காதில் கேள்வியை ஓதுவார், அவன் வீங்கிய வாயால் கேட்பான். எதிரே கான்ஸ்டபிள் லெசியாம்பே. நெட்டையான, நேர்மையான ஆள். நேர்மையான சாட்சியை உடைப்பதுதான் கஷ்டம் என்று மேடம் சொல்வார்.

"என் லாரி எழுவதத் தாண்டினா கதவு கழண்டு விழும் ஐயா. நூத்திப் பன்னெண்டு எப்படி?"

"துப்பாக்கி காட்டிச்சு. நான் எழுதினேன்."

"துப்பாக்கி வண்டியோட படம் காட்டுமா?"

"இது பழசு. நம்பர் மட்டும்தான் காட்டும்."

"அப்ப என்னை வேற ஏதாவது வண்டி முந்திச்சா?"

லெசியாம்பே யோசித்தார். "முந்தியிருக்கலாம். லாரி மறைச்சிடுச்சு. எனக்குத் தெரிஞ்சது லாரி மட்டும்தான்."

நீதிபதி நஃபுலா அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இருக்கலாம், முந்தியிருக்கலாம். இல்லாத காரை நான் எழுத முடியாது."

மேடம் முத்திசோவின் காதில் நீளமாக ஏதோ ஓதினார். அவனுக்கே அது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு அடுத்து யாரை நிறுத்தினீங்க ஐயா?"

லெசியாம்பே புத்தகத்தைப் புரட்டினார். "ஒரு மடாட்டு. நகுருலேர்ந்து எதிர்ப்பக்கமா வந்தது. பத்து இருபத்தி மூணு. வேகம் தொண்ணூத்தாறு. டிரைவர் செருயோட்."

"அவன் ஏதாவது சொன்னானா?"

"திட்டினான். என்னை இல்ல. எனக்கு முன்னாடி தாண்டிப் போன எவனையோ. கடிதாசு எழுதற மாதிரி நிதானமா, தாய் தகப்பன் பேரெல்லாம் சொல்லித் திட்டினான்."

மேடம் என் தொடையைக் கிள்ளினார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அதுதான் பழக்கம். என் தொடை ஒரு பக்கம் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும்.

"மூணு மணி," என்றார் நீதிபதி. "அதுக்குள்ள அந்தக் கார் வரணும், இல்ல ஓட்டினவன் வரணும். ரெண்டும் வரலன்னா டிக்கெட் நிக்கும்."

வெளியே கூட்டம் படி ஏறப் பார்த்தது. அதைத் தடுத்துக்கொண்டு கறுப்பு சூட்டில் ஒருவர் கைகளை அகல விரித்து நின்றார். அழுது அழுது கண் சிவந்திருந்தது. செத்துப்போன முராகேயின் மைத்துனர், பெயர் கிஹாரா.

"கல்லக் கீழ போடுங்கய்யா. கோர்ட்டு சொல்லட்டும்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர் மேடத்தைப் பார்த்ததும் திரும்பினார். "மேடம், நீங்க அவன் பக்கம். தெரியும். ஆனா அவன் செய்யலன்னா எனக்கும் தெரியணும். எதாவது கிடைச்சா சொல்லுங்க."

"கிடைச்சா மொதல்ல உங்களுக்குத்தான்," என்றார் மேடம்.

நகுரு போகும் வேனில் ஆறு பேர் சீட்டில் எட்டாவது ஆளாகத் தொங்கியபடி கேட்டேன். "திட்டினது அப்படி என்ன பெரிய துப்பு மேடம்? டிக்கெட் வாங்கினவன் பாட்டா பாடுவான்?"

"டேய், நீ எத்தன வருஷம் ரோட்டுல இருந்த? போலீஸ் நிக்குதுன்னா எதிர்ல வர்றவன் சொல்லுவானா மாட்டானா?"

"சொல்லாம? சொந்தத் தம்பியக் கொன்னவனா இருந்தாலும் எதிர்ல வந்தா விளக்கடிச்சுச் சொல்லிட்டுத்தான் அப்புறம் வெட்டுவோம். அது ரோட்டு தர்மம்."

"அப்ப செருயோட் ஏன் மாட்டினான்? பத்து இருபதுக்கு நூத்திப் பன்னெண்டுல போனவன்தான் அவனுக்கு எதிர்ல வந்த மொத ஆளு. அவன் ஒண்ணும் சொல்லலன்னா செருயோட் போலீஸத் திட்டியிருப்பான். சொல்லி, அது சரியா போய்ச் சேரலன்னாதான் சொன்னவனத் திட்டுவான்."

நகுரு ஸ்டாண்டில் வண்டிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்களுக்கு என்னைப் பார்த்ததும் பழைய பகை ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நான் இன்னொருவனின் வரிசையில் வண்டியை நுழைத்தேனாம். ஒருவன் என் மூக்கில் குத்தினான். நான் அவன் காதைக் கடித்தேன். பெருமைக்குரிய சண்டை இல்லை, ஆனால் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "யார்றா அது, ஓயுகியா? விடுங்கடா, அவன் செத்தா சிரிக்க ஆள் இல்ல" என்று வந்தவன்தான் நாங்கள் தேடிய செருயோட்.

மேடம் அவனுக்கு டீயும் எண்ணெயில் பொரித்த இரண்டு மந்தாசியும் வாங்கிக் கொடுத்து, இருவருக்கும் தாய்மொழியான கலெஞ்சினில் குசலம் விசாரித்து, அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பயலா? வெள்ளை ப்ரோபாக்ஸ் கார்," என்றான் செருயோட்.

"நல்ல அடையாளம்," என்றேன், மூக்கில் துணியை அடைத்தபடி. "நாட்டுல பாதி வண்டி வெள்ளை ப்ரோபாக்ஸ். மிச்சம் பாதி குளிக்காத வெள்ளை ப்ரோபாக்ஸ்."

"விளக்கடிச்சானா?" என்றார் மேடம்.

"அடிச்சிருந்தா நான் ஏன் மாட்டறேன்? விளக்கே போடல. கைய வெளிய நீட்டி கதவ டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு தட்டினான். அப்புறம் அதே கையால தன்னோட தோளத் தொட்டான், ரெண்டு விரலால. இருபது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன், இப்படி ஒரு கூத்த நான் பாத்ததில்ல. என்னடா இதுன்னு யோசிக்கறதுக்குள்ள போலீஸ் முன்னாடி போய் நிக்கறேன்."

என் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. காலையில் பல், இப்போது டீ.

"மேடம், அது நரோக் ரோட்டு சைகை. நான் அங்க ரெண்டு வருஷம் தொங்கியிருக்கேன். கதவத் தட்டினா 'நிறுத்தறான்', தோளத் தொட்டா 'பட்டை போட்டவன்', அதாவது போலீஸு. நரோக் டிரைவருங்களத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது."

"முகம் பாத்தியா?" என்று மேடம் செருயோட்டைக் கேட்டார்.

"கையத்தான் பாத்தேன். அவ்வளவு வேகம்."

மேடம் மந்தாசியில் பாதியைப் பிய்த்து மென்றார். "நரோக் ரோட்டுல ஓட்டின ஆளு. விளக்கடிக்க மனசிருந்தும் அடிக்க முடியாத ஆளு. ஏன் முடியல?"

"விளக்கு உடைஞ்சு ஃப்யூஸும் போயிருக்கு," என்றேன். "முராகே மேல மோதினதுல."

"இப்ப அந்த விளக்கு எங்க இருக்கும்னு நினைக்கற?"

"குப்பையில. புதுசு வண்டியில."

மணி ஒன்று நாற்பது. ஒலெசோய் வண்டி நிறைய இன்னும் பத்துப் பேர் வேண்டும், மூன்று மணிக்குள் போகாது. நான் வழிப்போக்கர்களைக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் கிஹாரா.

"மேடம், கோர்ட்டுக்குத்தானே? நானும் அங்கதான் போறேன். ஏறுங்க."

துக்க வீட்டுக்காரர், நல்ல மனசு என்று நான் முன் சீட்டில் ஏறிக் குந்திவிட்டேன். மேடம் ஏறுவதற்கு முன் காரின் முன்னால் போய் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் டிரைவருக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"எதாவது கிடைச்சுதா?" என்றார் கிஹாரா.

"ஒரு மடாட்டுக்காரன் ஏதோ காரைப் பாத்திருக்கான். முகம் ஞாபகம் இல்லையாம்," என்றார் மேடம்.

கிஹாரா தலையாட்டினார். நான் முராகேயின் அருமை பெருமைகளைப் பேசிக்கொண்டு வந்தேன். என் வழக்கப்படி மூச்சு விடாமல்தான். இருபது நிமிஷம் போனதும் எதிரே வந்த பஸ் விளக்கடித்தது. கிஹாரா கார் வேகத்தை நாற்பத்தொன்பதுக்கு இறக்கி, சாலையோர மரத்தடியில் நின்ற போலீஸைத் தாண்டினார். தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் எதிரே தக்காளி லாரி ஒன்று பறந்து வந்தது. கிஹாரா விளக்கை இரண்டு முறை சிமிட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அவர் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போனது. கதவில் டொக்கு டொக்கு. தோளில் இரண்டு விரல்.

நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

ஒரு கிலோமீட்டர் போனது. பிறந்ததிலிருந்து எனக்கு இப்படி ஆனதில்லை.

"ஏன் தம்பி பேச்ச நிறுத்திட்ட?" என்றார் கிஹாரா. குரல் மாறியிருந்தது. "காலையிலேர்ந்து ஓயாத வாயி. திடீர்னு ஏன்?"

"தொண்டை... தொண்டை கட்டிடுச்சு சார்."

அவர் தன் கையைப் பார்த்தார். அந்தக் கையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அடுத்த நொடி அந்தக் கை சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை இழுத்தது. அது என் தோள்பட்டையில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கத்தினேன். இரண்டாவது அடி முழங்கையில்.

"அசையாதீங்க மேடம். அசைஞ்சா இவன் மண்டை போயிடும்," என்றார். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் என் முகத்துக்கு நேராக ஸ்பேனர். "அடுத்த மண் ரோட்டுல ஏரிப் பக்கம் திரும்பறோம்."

"ஏரிக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு," என்றார் மேடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவதுபோல.

வலியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது எதிரே வந்த ஒரு வேன் விளக்கடித்தது. கிஹாராவின் கால் பழக்க தோஷத்தில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியது. மேடம் முன்னால் சாய்ந்தார்.

"முதல் போலீஸ் பாக்கறதுக்கு, ரெண்டாவது போலீஸ் பிடிக்கறதுக்கு. தப்பிச்சோம்னு மிதிக்கறவனப் பிடிக்க ஏழு கிலோமீட்டர்ல இன்னொருத்தன் நிப்பான். பதினேழு வருஷம் நான்தான் அந்த ரெண்டாவது ஆளு," என்றவர் என் பக்கம் கத்தினார். "ஓயுகி, மிதிடா."

கியர் மாற்ற வேண்டாத வண்டி. என் வலது காலைத் தூக்கி அவர் காலுக்கு மேல் போட்டு ஆக்ஸிலேட்டரோடு சேர்த்து நசுக்கினேன். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. கிஹாரா என் முழங்காலில் ஸ்பேனரால் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. காலை எடுக்கவில்லை. எடுத்தால் ஏரி. மேடம் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து பின்னாலிருந்து அவர் கழுத்தில் போட்டு இரண்டு முழங்காலையும் சீட்டில் ஊன்றி இழுத்தார். வேலமரங்கள் கோடாக ஓடின. நீலச் சட்டை போலீஸ் பெண் ஒருத்தி துப்பாக்கியை நீட்டி நிற்பது தெரிந்தது. அவளுக்கு அப்பால் இன்னொருவர் முள்பலகையைச் சாலையில் தள்ளினார்.

நாலு டயரும் வெடித்தன. கார் சுழன்று, வேலியைப் பிய்த்துக்கொண்டு, பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. கண்ணாடி முழுக்க என் மடியில் இருந்தது. கிஹாராவின் நெற்றி பிளந்து முகம் ரத்தமாக இருந்தது. மேடத்துக்கு உதடு கிழிந்திருந்தது.

"கைய தூக்குங்க, மூணு பேரும்," என்று போலீஸ் பெண் ஓடி வந்தாள்.

"எவ்வளவு காட்டுச்சு மகளே?" என்றார் மேடம்.

"நூத்தி இருபத்தி நாலு. எமனுக்குப் பொண்ணு பாக்கவா போறீங்க?"

"எழுது. நேரத்தையும் எழுது. கோர்ட் இப்ப நடந்துட்டு இருக்கு, நேரா அங்க கொண்டு போயிடு."

நான் பள்ளத்தில் மல்லாந்து கிடந்து காரின் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வயசு ஆகி மஞ்சளித்த வெள்ளை ப்ரோபாக்ஸின் முகத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும் உடையாமல் மிஞ்சியிருந்தது. கடையிலிருந்து நேற்று வாங்கின மாதிரி பளபளவென்று இருந்தது.

"நீங்க ஏறும்போதே பாத்துட்டீங்க," என்றேன்.

"செருப்பு சரிதான்டா இருந்தது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நகுரு எல்லையிலயே வாய மூடியிருப்ப. அவன் கண்டுபிடிச்சிருப்பான்."

கிஹாரா விலங்கோடு புல்லில் உட்கார்ந்திருந்தார். மேடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தை நெரித்த அதே துணியால் அவர் நெற்றி ரத்தத்தைத் துடைத்தார். ஏன் என்று மட்டும் கேட்டார்.

"என் அக்கா வருகுரு, அவன் பொண்டாட்டி. போன மாசம் செத்தா. படியில விழுந்துட்டான்னு முராகே சொன்னான். சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி நான் அவ கழுத்தப் பாத்தேன். அஞ்சு விரலும் தெரிஞ்சுது." அவர் தன் கழுத்திலேயே அந்த இடத்தைக் காட்டினார். "யார்கிட்ட சொல்றது? அவன் சர்ச்சுக்குக் கூரை போட்டவன். அன்னிக்கு ரோட்டோரமா தனியா நடந்து போயிட்டிருந்தான். கார் என்னக் கேக்காமயே போயி மோதிச்சு. அப்புறம் இறங்கினேன்."

"சரி. முத்திசோ உங்க அக்காவ என்ன பண்ணான்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கு ராத்திரி அவன உள்ள வெச்சுக் கொல்லப் போறாங்க. காலையில கூட்டத்தத் தடுத்து நின்னீங்களே, அது நடிப்பு இல்ல, எனக்குத் தெரியும்."

"நாலு நாளா சொல்லிடலாம், சொல்லிடலாம்னு இருந்தேன். அந்த டயரப் பாத்தேன். அப்புறம் வாய் வரல."

மேடம் துணியைப் பிழிந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கதவத் தட்டினது சாட்சி ஆகாது. புது விளக்கு போட்டுக்கிட்டது குத்தம் ஆகாது. எங்களை அடிச்சதுக்கு உள்ள போவீங்க, அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில நான் அந்த ரோட்டுலயே இல்லன்னு நீங்க சொன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நானே உங்களுக்காக வாதாடினா ஜெயிச்சிடுவேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு தோள் உடைந்திருந்ததால் முடியவில்லை. கொலைகாரனுக்குத் தப்பிக்கிற வழியைச் சொல்லிக் கொடுக்கிற துப்பறிவாளரிடம் நான் வேலை பார்க்கிறேன்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போலீஸ் ஜீப் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. கூட்டம் வாசலிலேயே இருந்தது. டயர்க்காரன் இப்போது ஒரு கேன் பெட்ரோலும் வாங்கி வந்திருந்தான். கிஹாராவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விபத்தில் அடிபட்ட துக்க வீட்டுக்காரர் என்று வழி விட்டார்கள். "உங்க மச்சானுக்காக இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடறோம்ணே" என்று ஒருவன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

கூண்டில் முத்திசோ நின்றுகொண்டிருந்தான். நிற்கிறான் என்று சொல்ல முடியாது, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கலுண்டே கடைசி பெஞ்சில் தோளில் போட்ட துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காரா, ஓட்டினவரா?" என்றார் நீதிபதி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"கார் பள்ளத்துல கிடக்கு அம்மா. ஓட்டினவர் இவர்தான்னு நான் சொல்றேன்," என்றார் மேடம். "ஆனா நான் சொன்னா போதாது."

நீதிபதி கிஹாராவை நீளமாகப் பார்த்தார். "என் முன்னாடி இருக்கறது ஒரு வேக டிக்கெட், அவ்வளவுதான். வேற எதையும் நான் உங்கள கேக்க மாட்டேன். போன வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு, அந்த லாரிய முந்திக்கிட்டு நூத்திப் பன்னெண்டுல போனது நீங்களா? இல்லன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. யோசிச்சு சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே கூட்டம் எட்டிப் பார்த்தது. கிஹாரா அந்த ஜன்னலைப் பார்த்தார். பெட்ரோல் கேனைப் பார்த்தார். இந்தக் கூண்டில் நான் பார்த்த ஐந்நூறு பேரில் ஐந்நூறு பேரும் வேகத்தைக் குறைத்துத்தான் சொன்னார்கள்.

"நான்தான் ஓட்டினேன்," என்றார் கிஹாரா. "ஆனா துப்பாக்கி குறைச்சுக் காட்டியிருக்கு அம்மா. என் மீட்டர் முள்ளு நூத்தி முப்பதுல இருந்துது."

நீதிபதி அதை எழுதினார். எழுதி முடித்து, முத்திசோவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். வெளியே யாரோ கல்லைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது; ஒரே ஒரு கல்தான். மற்றவர்கள் எல்லாரும் இன்னும் கையில் வைத்துக்கொண்டு, இனி யாரை எறிவது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். மேடம் எழுந்து போய் கிஹாராவின் பக்கத்தில், ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டார்.